விவியன் லீ இலங்கை வந்த கதை: விவரம் தெரிந்தவர்கள் உண்டா?

நண்பர்களே, ஒரு உதவி. டார்ஜிலிங்கில் பிறந்து இரண்டு ஆஸ்கர் வாங்கிய பிரிட்டிஷ் நடிகை விவியன் லீ, 1953இல் ‘எலிஃபண்ட் வாக்’ படப்பிடிப்புக்காக இலங்கை வந்தார். அங்கேயே மனநலம் குலைய ஆரம்பித்து, ஹாலிவுட் திரும்பியதும் நடிக்க முடியாமல் போயிற்று. அவருடைய வேடம் எலிசபெத் டெய்லருக்குப் போனது. ஆனால் தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் தெரிவது இன்னமும் விவியன்தான்! நேற்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. காசநோய் வேறு, 53 வயதில் போய்விட்டார்.

இலங்கை நண்பர்களே, அந்தப் படப்பிடிப்பைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அன்றைய தமிழ்ப் பத்திரிகைச் செய்தி கிடைத்தாலும் சரி. வம்புக் கதைகள் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.