வலிக்காத பல்லுக்கு மருத்துவர் எதற்கு?

கேள்வி: குரோம்பேட்டைவாசி

வணக்கம். என் தந்தைக்கு வயது 63. சர்க்கரை நோய்க்காக 14 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிவது அவருக்கு வெகுநாளாகவே உண்டு. அழுத்தித் துலக்கிவிட்டேன் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார். கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிய பிறகுதான், எங்கள் வற்புறுத்தலுக்காக, சென்ற மாதம் அருகிலுள்ள பல் மருத்துவரிடம் வந்தார். அந்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஆடும் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது என்றும், எஞ்சிய பற்களைக் காப்பாற்ற ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும், அதற்கு நான்கு முறை வர வேண்டியிருக்கும் என்றும் கூறினார்.

வீட்டில் இப்போது ஒரே விவாதம். "சுத்தம் செய்தால் நன்றாக இருக்கிற பல்லும் ஆடிவிடும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று" என்கிறார் அத்தை. "வலியே இல்லையே, வலிக்காத பல்லுக்கு மருத்துவர் எதற்கு?" என்கிறார் அப்பா. அத்தை சொல்வதில் உண்மை உண்டா? வலி வந்தால் போய்ப் பிடுங்கிக்கொள்ளும் இடம் என்பதைத் தாண்டி, பல் மருத்துவரால் ஆவது என்ன? அப்பாவுக்கு விளங்கும்படி யாராவது எழுதினால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அண்ணா நகர்

உங்கள் அத்தை கண்டதைத்தான் சொல்கிறார். காரணத்தை மட்டும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார். பல்லின் மீது படியும் கிருமிப் படலத்தை அன்றாடம் துலக்கி நீக்காவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிச் சில நாட்களிலேயே கெட்டிப்படத் தொடங்கும். அதைத்தான் காரை என்கிறோம். கெட்டியான பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அது பெயராது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடம் கீழ் முன்பற்களுக்கு நேர் பின்னால் இருப்பதால் காரை அங்கேதான் மிகுதியாகப் படியும். உங்கள் தந்தைக்கு அந்தப் பற்களே முதலில் ஆடத் தொடங்கியது எனக்கு வியப்பாக இல்லை. காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமிகள் ஒட்டிக்கொள்ள, ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகி ஒரு பையைப் போலாகிறது. அந்தப் பைக்குள் நடக்கும் அழற்சியில், பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது.

எலும்பு கரைந்த பல்லைச் சில வேளைகளில் அந்தக் காரையே பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சிமெண்ட் பூசியதைப் போலப் பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்தவுடன், அதுவரை மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றியதும் ஈறு சுருங்கி இடுக்குகள் தெரியும். குளிர்ந்த நீர் பட்டால் சில வாரங்களுக்குக் கூசும். இவற்றைப் பார்த்துவிட்டு, சுத்தம் செய்ததால் பல் போயிற்று என்று முடிவுகட்டுகிறார்கள். செய்யாமல் விட்டிருந்தாலும் அந்தப் பல் ஆடத்தான் போகிறது, பக்கத்துப் பல்லையும் சேர்த்துக்கொண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்ற அச்சத்தையும் நான் பணியில் இருந்த காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். பல்லுக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு என்பதோடு அதை விட்டுவிடலாம்.

இனி உங்கள் தந்தையின் கேள்வி. சொத்தை உள்ளே இருக்கும் நரம்புக்கூழை எட்டும்போது தாங்க முடியாத வலி வரும். ஈறு நோய் அப்படியன்று. பெரும்பாலும் வலிக்காமலேயே எலும்பைத் தின்றுவிடும். அதனால்தான் அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவியொன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழத்தைப் பார்க்கிறோம். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 அல்லது அதற்கு மேல், அதுவும் தொட்டவுடன் இரத்தம் வந்தால், கவனிக்க வேண்டும். அவர் புகைபிடிப்பவராக இருந்தால் அந்த இரத்தக் கசிவுகூடக் குறைந்து நோய் மறைந்திருக்கும். பற்களோடு முடிவதில்லை, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் பார்ப்பதும் எங்கள் வேலைதான். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, பாக்கு மெல்லுபவருக்கு வாய் வரவரக் குறைவாகத் திறப்பது ஆகியவை புற்றுநோய்க்கு முன்னறிகுறிகளாக இருக்கக்கூடும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆலங்குச்சி பல்லின் மேற்பரப்பைத்தான் தேய்க்கும். ஈறுக்கு அடியில் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் காரையை அது எட்டாது.

மறுமொழி 2: மயிலை வாசகர்

மருத்துவர் ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நகரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு ஆறு பற்களுக்கு ரூட் கேனால் வேண்டும் என்றார்கள். வேறொருவர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து இரண்டுக்குப் போதும் என்றார். அந்த இரண்டோடு நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே உங்கள் தந்தையின் சந்தேகத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு எங்கே குறைந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான மருத்துவர் இதற்குச் சினம் கொள்ள மாட்டார்.

செலவு தடையாக இருந்தால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கியது. குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் நேராக இறங்கிவிடலாம். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். ஈறு நோய்க்கென்றே தனித் துறை உண்டு. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள்; அவசரமில்லாமல் செய்வதால் எனக்கு அது பிடித்திருந்தது.

மறுமொழி 3: சர்க்கரையோடு 20 ஆண்டு

உங்கள் தந்தையின் நிலையில் நான் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும் என்பதை நான் அறிந்திருந்தேன். ஈறில் அழற்சி நீடித்தால் அது சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும் என்பதை என் பல் மருத்துவர்தான் சொன்னார். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, மூன்று நான்கு மாதங்களில், ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிறிய எண்தான்; ஆனால் 8.1இல் நின்றுகொண்டு இன்னொரு மாத்திரை கூடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு அது சிறிதாகத் தெரியவில்லை.

பல் எடுக்கும் நாளைக் குறித்து ஒரு எச்சரிக்கை. பயத்தில் பட்டினியாகப் போகக் கூடாது. மரத்துப்போகும் ஊசி மட்டுந்தான் என்றால் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலை நேரத்தில் செல்வது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுப்பவரானால் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாமாக நிறுத்தவே கூடாது.

குரோம்பேட்டைவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அனைத்தையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். காரை சிமெண்ட்டைப் போல் பல்லைப் பிடித்திருக்கும் என்ற இடத்தில் அத்தை இடைமறித்து, தமக்குச் சுத்தம் செய்வதற்கு முன்பே அந்தப் பல்லால் முறுக்கு கடிக்க முடியாமல் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அப்பா பாக்கு போடுவார் என்பதை நான் எழுதவில்லை. அந்தப் பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். ஆழ அளவுகளை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். இதய மருத்துவர் தந்த ஆஸ்பிரின் மாத்திரையும் அவருக்கு உண்டு என்பதால், அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை போகிறோம்.