நோட்டரியைச் சேர்த்தேன், முத்திரை வைக்க இடமில்லை

பின்னிரவுக்காரன்:
டெம்ப்ளேட் (முன்பே தயாரித்து வைத்த ஆவண மாதிரி) வைத்து, ஏபிஐ (நம் நிரல் சேவையோடு பேசும் வழி) மூலம் இ-சைன், அதாவது மின்கையெழுத்துக்கு, ஆவணம் அனுப்புகிறவர்கள் யாராவது நோட்டரியைச் (கையெழுத்தைச் சான்றளிக்கும் அலுவலர்) சேர்த்திருக்கிறீர்களா? நான் மூன்று நாள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். சேவையின் பெயர் வேண்டாம்.

பவர் ஆஃப் அட்டர்னி டெம்ப்ளேட் ஒன்று எங்களிடம் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ரோல் (ஆவணத்தில் ஒரு ஆளுக்கான இடம்): கையெழுத்திடுபவர். ஏபிஐக்கு அனுப்பும் தரவும் டெம்ப்ளேட் ஐடி, ரோல் பெயர், ஆள் பெயர், மெயில் ஐடி என நாலே வரி ஜேசான். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் இனி நோட்டரியும் வேண்டும் என்றார். இன்னொரு ஆள்தானே என்று ரோல் பட்டியலில் 'நோட்டரி' என ஒரு வரி கூட்டினேன். 'உருவாக்கியாயிற்று' என்று 201 வந்தது, மெயிலும் போனது. சோதனைக்கு நானே நோட்டரியாகத் திறந்து பார்த்தால் ஆவணம் இருக்கிறது, 'முடி' பட்டன் இருக்கிறது, முத்திரை வைக்க ஒரு கட்டம்கூட இல்லை.

டெம்ப்ளேட்டில் அப்படி ஒரு ரோலே கிடையாது. எரர் கொடுத்திருந்தால் அஞ்சு நிமிஷத்தில் புரிந்திருக்கும். ஏபிஐயோ சத்தம் போடாமல் புது ஆளை உண்டாக்கி, நிரப்பக் கட்டம் எதுவும் கொடுக்காமல் வரிசையில் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு, நான் சேர்த்தது நோட்டரியே இல்லை, இன்னொரு கையெழுத்துக்காரர்! நோட்டரி தனி வகை. அவர் எந்தக் கையெழுத்தைச் சான்றளிக்கிறார் என்பதை, கையெழுத்திடுபவரின் பதிவில் நோட்டரியின் ஐடியைப் போட்டுச் சொல்ல வேண்டும். எளிய ரோல் பட்டியலில் அதை எழுத இடமில்லை.

கடைசியில் கூட்டு டெம்ப்ளேட்டுக்குப் போனேன். அடியில் பழைய டெம்ப்ளேட், அதன்மேல் அனுப்பும்போதே எழுதிச் சேர்க்கும் இன்லைன் அடுக்கு ஒன்று, அதில் நோட்டரியும் முத்திரைக் கட்டமும். அங்கேயும் ஒரு சறுக்கல். நோட்டரிக்கு ரெசிபியன்ட் ஐடி (ஆவணம் பெறுபவரின் எண்) 1 என்று போட்டேன். டெம்ப்ளேட்டில் 1 ஏற்கெனவே கையெழுத்திடுபவர். இரண்டும் ஒட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் பெயர் வர வேண்டிய கட்டத்தில் நோட்டரியின் பெயர் வந்து உட்கார்ந்தது. ஐடியை 2 ஆக்கிய பிறகுதான் அடங்கியது.

சோதனைக்காரி:
எனக்கு வரிசையில்தான் அடி விழுந்தது. வழக்கமான ஒப்புதல் மாதிரி நினைத்து, கையெழுத்திடுபவர் 1, நோட்டரி 2 என்று ரூட்டிங் ஆர்டர் (யாருக்கு முதலில் போகும் என்ற வரிசை எண்) கொடுத்தேன். கையெழுத்திடுபவர் ராத்திரியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நோட்டரி திறந்து பார்த்துவிட்டுச் செல்லாது என்றார். எங்களுடையது ஜுராட். சத்தியம் செய்து, நோட்டரியின் கண் முன்னால் கையெழுத்திட வேண்டும். அக்னாலெட்ஜ்மென்டாக இருந்தால் முன்பே போட்ட கையெழுத்தைத் தன்னுடையது என்று நேரில் ஒப்புக்கொண்டால் போதும் என்று அவர்தான் விளக்கினார். ஆவணம் எந்த வகை என்று டெவலப்பரிடம் யார் சொல்கிறார்கள்? இப்போது இரண்டு பேருக்கும் ஒரே எண், ஒரே வீடியோ அமர்வு.

இன்னொன்று: நேரடியாக அனுப்பாமல் டிராஃப்டாக உருவாக்கி, நோட்டரியைத் தனி அழைப்பில் சேர்த்து, ரெசிபியன்ட் பட்டியலை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு அழைப்பு கூடுதல், ஆனால் தப்பான மெயில் யாருக்கும் போவதில்லை.

அரைத்தூக்கம்:
எங்களுடைய அனுப்பும் கோடில் தப்பே இல்லை, ஆனாலும் நின்றது. கையெழுத்திட வேண்டியவர் அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நோட்டரி அமர்வுக்கு முன் கேபிஏ கேள்விகள் (ஆள் அவர்தானா என்று பார்க்க, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைக் கேட்பது) வந்தன: 5 கேள்வி, 2 நிமிஷம், 4 சரியாக இருக்க வேண்டும். பழைய முகவரி, பழைய கடன் என்று அந்த ஊர்ப் பதிவுகளிலிருந்து எடுக்கும் கேள்விகள். அவருக்குப் பதிவே இல்லை, கேள்வி எங்கிருந்து வரும்? சேவை தானாக அனுப்பும் வெப்ஹூக் செய்தியில் 'சரிபார்ப்பு தோல்வி' என்று வந்ததை எங்கள் கோடு 'நிலுவையில்' என்று எழுதி வைத்திருந்தது. நாலு நாள் எல்லோரும் காத்திருந்தோம்.

நோட்டரியின் சான்று வாசகத்தையும் பாருங்கள். ஆன்லைன் நோட்டரியை வர்ஜீனியா முதலில் அனுமதித்தது, 2012 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. பிறகு மற்ற மாநிலங்களும் வந்தன, ஆளுக்கொரு சட்டத்தோடு. கையெழுத்திடுபவர் எங்கே இருந்தாலும் சரி, நோட்டரி தன்னை நியமித்த மாநிலத்தின் விதிப்படிதான் போக வேண்டும். டெம்ப்ளேட்டில் ஒரே வாசகத்தை அச்சடித்து வைத்திருந்தால் வேறு மாநிலத்து நோட்டரி வரும்போது மாட்டுவீர்கள்.

பின்னிரவுக்காரன்:
வாசக விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. சொல்ல விட்டது ஒன்று: முத்திரைக் கட்டத்தை ஆங்கர் எழுத்து (பக்கத்தில் தேடி இடம் காட்டும் சொல்) வைத்துப் பொருத்தப் பார்த்தேன். பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கம் ஸ்கேன் செய்த படம், அதில் தேட எழுத்தே இல்லை. கடைசியில் பக்கத்தில் எங்கே என்று எக்ஸ், ஒய் அளவு கொடுத்துத்தான் வைத்தேன்.

இப்போது டெம்ப்ளேட்டிலேயே நோட்டரி ரோல் போட்டாயிற்று. அனுப்பும் முன் டெம்ப்ளேட்டின் ரோல் பெயர்களை வாங்கி, நான் அனுப்பும் ஜேசானில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறேன். நேற்று அது முதல் முறையாக ஒன்றை நிறுத்தியது. 'நோட்டரி'க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்.