தாத்தா மெடலும் சர்வீஸ் புக்கும்

கார்த்தி: கடற்படையில இருந்த தாத்தாவோட பெட்டியில நாலு மெடல் இருக்கு. ஒரு நட்சத்திரம், மூணு வட்டம். ஃபிரேம் போடுறதுக்கு முன்னாடி பிராசோ (உலோகப் பாலிஷ்) போட்டுத் தேய்ச்சிரட்டுமா?

ராமு சித்தப்பா: தேய்க்கவே தேய்க்காதடா! வட்ட மெடலோட விளிம்பைப் பாரு, நட்சத்திரத்தோட முதுகையும் பாரு. நம்பர், ரேங்க், பேரு பொறிச்சிருக்கும். பிராசோ பட்டா அந்த எழுத்துதான் முதல்ல மழுங்கும். உலர்ந்த பருத்தித் துணியால ஒத்தி எடுத்தாப் போதும்.

கார்த்தி: நட்சத்திரம் பூர்வி ஸ்டார். மத்தது ரக்ஷா, சங்கிராம், அப்புறம் சுதந்திர 25ஆம் ஆண்டு.

ராமு சித்தப்பா: ரக்ஷா 1965 போருக்கு, பூர்வியும் சங்கிராமும் 1971 போருக்கு. கிழக்குப் பக்கம் இருந்தவங்களுக்குப் பூர்வி, மேற்குன்னா பஸ்சிமி. கடைசி மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்கு சர்வீஸ்ல இருந்ததுக்கு.

விஜி அத்தை: அப்பா 64லயே சேந்தாரே. 65 போர் நட்சத்திரம் தொலைஞ்சிடுச்சா?

ராமு சித்தப்பா: தொலையல அக்கா. 65ல அப்பா இருந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் பம்பாயில ரீஃபிட்ல, அதாவது பழுதுபார்ப்புல, நின்னுச்சு, சண்டைக்குப் போகல. அதனாலதான் 65 போர் நட்சத்திரமான சமர் சேவா ஸ்டார் இல்லாம ரக்ஷா மட்டும்.

71ல கதையே வேற. டிசம்பர் 4 காலையில விக்ராந்த்ல இருந்து சீ ஹாக் போர் விமானங்க கிளம்பி, அப்போ கிழக்குப் பாகிஸ்தான்ல இருந்த காக்ஸ் பஜாரை அடிச்சுது. கப்பல்ல இருந்த நாலு பாய்லர்ல ஒண்ணுல விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. விமானத்தை ஏவுற கேட்டபுல்ட்டுக்கும் நீராவிதான், கப்பல் ஓடுறதுக்கும் நீராவிதான். கப்பல் வேகம் குறைஞ்சா டெக் மேல எதிர்க்காத்து குறையும், அலிஸே மாதிரி கனமான விமானம் ஏற அது பத்தாது. கீழ பாய்லர் ரூம்ல நின்ன தாத்தா மாதிரி ஸ்டோக்கருங்க (பாய்லரைப் பாத்துக்கிற மாலுமிங்க) இல்லாம மேல ஒரு விமானமும் பறந்திருக்காது.

விஜி அத்தை: அப்பா எங்கெங்க வேலை பாத்தார்னு எழுதியிருக்கிற சர்வீஸ் புக்குல ஐஎன்எஸ் சிவாஜின்னும் இருக்கே, அது எந்தக் கப்பல்?

ராமு சித்தப்பா: கப்பல் இல்ல, லோனாவாலால இருக்கிற இன்ஜினியரிங் பயிற்சித் தளம். கரையில இருக்கிற தளத்துக்கும் ஐஎன்எஸ்னுதான் பேரு. சர்க்கார்ஸ்னா விசாகப்பட்டினம், ஆங்ரேன்னா பம்பாய். அதையும் சேத்து எண்ணினா கடல்ல இருந்த காலக் கணக்கு தப்பாயிடும்.

கார்த்தி: ஃபிரேம்ல எந்த வரிசை?

ராமு சித்தப்பா: பாக்குறவங்களுக்கு இடமிருந்து பூர்வி, ரக்ஷா, சங்கிராம், 25ஆம் ஆண்டு. பசை வேண்டாம், ரிப்பனை நூலால தைக்கச் சொல்லு. வெயில் படுற சுவத்துல மாட்டினா ரிப்பன் வெளுத்துடும். பிவிசி கவர்ல போட்டா உலோகம் பச்சை பூக்கும். ஃபிரேமுக்குள்ள போயிட்டா விளிம்பு தெரியாது, அதனால முதல்லயே நாலு பக்கமும் போட்டோ எடுத்துடு.

கார்த்தி: ரக்ஷா விளிம்புல ஒரு எண் 1ஆ 7ஆன்னு தெரியல.

ராமு சித்தப்பா: டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடி, பள்ளம் நிழலாத் தெரியும். சர்வீஸ் புக்குல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாரு. ஒன்பது வருஷ சேவை மெடல் கொடுத்ததாப் பதிவு இருக்கான்னும் அதுலயே பாரு. பக்கம் கிழிஞ்சிருந்தா மும்பை மான்கூர்டுல இருக்கிற பியூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு (மாலுமிகளோட பதிவு ஆபீஸ்) நம்பர், பேரு, ரேங்க், பிபிஓ (பென்ஷன் ஆணை) நகலோட எழுதணும். பாட்டி கையெழுத்து வாங்கிக்கோ.