சதுரத்திலிருந்து வட்டத்திற்கு மாறும் பிளெண்ட் சுவர் விரிய மறுக்கிறது

கேள்வி

வணக்கம். 400 மி.மீ. சதுர வாயிலிருந்து 300 மி.மீ. விட்டமுள்ள வட்ட வாய்க்கு மாறும் காற்றுக்குழாய் இணைப்பு ஒன்றை, 1.2 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சிட்ட இரும்பு) தகட்டில், கிரியோ பாராமெட்ரிக் மென்பொருளின் ஷீட் மெட்டல் பிளெண்ட் சுவராக (இரு குறுக்குவெட்டு வடிவங்களை, அதாவது செக்‌ஷன்களை, இணைத்து உருவாகும் சுவர்) வரைந்திருக்கிறேன். உயரம் 350 மி.மீ. இரண்டு செக்‌ஷன்களிலும் முனைகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பதால் வட்டத்தை 45 பாகைக் கோடுகளில் நான்கு வில்களாகப் பிரித்தேன். தொடக்கப் புள்ளிகளும் ஒரே மூலையில், ஒரே திசையில் உள்ளன. வடிவத்தில் முறுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ரிப் (சுவரைப் பிளக்கும் வெட்டு) கொடுத்து விரிக்க முயன்றால் அன்பெண்ட் (தட்டையாக்கும் கட்டளை) தோல்வியடைகிறது. லேசர் வெட்டுக்கு அனுப்பத் தட்டை வடிவம் தேவைப்படுகிறது. எங்கே திருத்த வேண்டும்?

மறுமொழி 1

வட்டத்தை 45 பாகையில் பிரித்ததுதான் காரணம். அவ்வாறு பிரிக்கும்போது சதுரத்தின் ஒவ்வொரு நேர்ப்பக்கமும் எதிரே உள்ள ஒரு வில்லோடு இணைகிறது. நேர்கோட்டையும் வில்லையும் இணைக்கும் அந்தப் பரப்பு, நேர்கோடுகளால் நெய்யப்பட்டதாகவே இருந்தாலும், ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது திருகிக்கொண்டே செல்கிறது. உலோகத்தை இழுக்காமல் அதைச் சமதளமாக்க இயலாது.

டக்ட் பட்டறையில் இதே உருப்படியைக் கையால் வரைபவர்கள் நான்கு முக்கோணங்களாகவும் நான்கு மூலைக் கூம்புத் துண்டுகளாகவும் பிரிப்பார்கள். முக்கோணத்தின் அடி சதுரத்தின் பக்கத்தில் இருக்கும். அதன் உச்சி வட்டத்தின் 0, 90, 180, 270 பாகைப் புள்ளிகளில் ஒன்றைத் தொடும். தங்கள் மாதிரியும் அந்தப் பிரிவையே பின்பற்ற வேண்டும். பிளெண்ட் வெர்டெக்ஸ் (ஒரே புள்ளியைக் கூடுதல் முனையாகக் கணக்கிட வைக்கும் குறி) வைத்து இதைச் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். தொடக்கப் புள்ளியில் அதை வைக்க மென்பொருள் அனுமதிப்பதில்லை என்பதால், மூடிய செக்‌ஷனில் அது வீண் தலைவலி என்பது என் கருத்து.

எளிய வழி இது. சதுரத்தின் மூலைகளை 3 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள். வட்டத்திற்குப் பதிலாக 149.5 மி.மீ. ஆரமுள்ள நான்கு 90 பாகை வில்களை, மேற்சொன்ன நான்கு புள்ளிகளில் 1 மி.மீ. நேர்கோடுகளால் இணைத்து வரையுங்கள். மொத்த அகலம் 300 மி.மீ. ஆகவே இருக்கும், சுற்றளவு 1 மி.மீ. கூட அதிகரிக்காது. இப்போது இரு செக்‌ஷன்களிலும் எட்டெட்டு உறுப்புகள் உள்ளன. இணையான கோட்டோடு கோடு சேர்வதால் சமதளமும், இணைத் தளங்களில் உள்ள ஒரே கோண அளவுடைய வில்கள் சேர்வதால் சாய்ந்த கூம்பின் பகுதியும் கிடைக்கும். இரண்டுமே இழுவையின்றி விரியக்கூடியவை. பிளெண்ட் வகை 'ஸ்ட்ரெய்ட்' ஆக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அந்த நேர்கோட்டை 0.1 மி.மீ. ஆகக் குறைத்தால் உண்மையான வட்டத்திற்கு இன்னும் நெருங்குமே, ஏன் 1 மி.மீ.?

மறுமொழி 1 எழுதியவர்

மாதிரியின் துல்லியம் சார்பு அளவில் (உருப்படியின் அளவுக்கு விகிதமாக) 0.0012 என்று இருந்தால், ஏறத்தாழ 665 மி.மீ. மூலைவிட்டமுள்ள இந்த உருப்படியில் 0.8 மி.மீ.க்குக் குறைவான விளிம்புகளை மென்பொருள் ஏற்கத் தயங்கும். மேலும், தையலை (தகட்டின் இரு ஓரங்களும் சேரும் இணைப்பை) தட்டையான பக்கத்தின் நடுக்கோட்டில் வைப்பதே நல்லது, ஏனெனில் கூம்புப் பகுதியில் வரும் தையலைப் பற்றவைப்பதும் ரிவெட் அடிப்பதும் கடினம். ஆனால் அங்கே ரிப் கொடுத்தால் அந்த 1 மி.மீ. கோடும் இரண்டு அரை மி.மீ. துண்டுகளாகிவிடும். ஆகவே முதலில் துல்லியத்தை முழு அளவுக்கு (விகிதமாக அன்றி நேரடியாக மி.மீ.யில்) மாற்றி 0.01 மி.மீ. என அமையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன வடிவம் சரியானதே. ஆயினும் பிரஸ் பிரேக்கில் (தகடு மடிக்கும் இயந்திரத்தில்) கூம்பு தொடர்ச்சியாக வளையாது. சிறு சிறு மடிப்புகளாகத்தான் எடுக்க முடியும். வட்ட வாயில் 15 பாகைக்கு ஒரு மடிப்பு என்று வைத்தால் தகடு உண்மையான வளைவிலிருந்து அதிகபட்சம் 1.3 மி.மீ. விலகும், 10 பாகைக்கு ஒன்று என்றால் 0.6 மி.மீ. அளவில் நிற்கும். வட்ட வாயில் காலர் (இணைப்பு வளையம்) பொருத்துவதாக இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தட்டை வடிவம் கிடைத்தவுடன் ஒவ்வொரு கூம்புப் பகுதியிலும் வட்ட விளிம்பையும் மூலை வில்லையும் ஒரே எண்ணிக்கையில் சமமாகப் பிரித்து, மடிப்புக் கோடுகளை லேசரில் மெல்லிய கீறலாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஆட்டோடெஸ்க் இன்வென்டரின் லாஃப்டட் ஃபிளாஞ்சில் பிரஸ் பிரேக் என்ற தெரிவை எடுத்தால் இந்தப் பிரிப்பை அதுவே செய்துவிடும். இருக்கும் கிரியோ மாதிரியை விட்டுவிட்டு அதற்காக மட்டும் மாறுவது அவசியமில்லை.