குதிகால் மரு: 10 வாரம் கார்ன் கேப் ஒட்டியும் போகல்ல, அடுத்து என்ன?

பால்வெட்டு_குலசேகரம்:
வலது குதிகாலில் 2 மரு. பெரிசு 8 மி.மீ. இருக்கும், ஒட்டினாப்ல சின்னது ஒண்ணு. 10 வாரமா கார்ன் கேப் (நடுவுல அமில மருந்து உள்ள ஒட்டுப் பிளாஸ்டர்), 4 நாளுக்கு ஒருக்கா மாத்துறது. வெள்ளையா உரியும், ஒரு வாரத்துல பழையபடி வந்துரும். நடுவுல எருக்கம்பால் வச்சதுல பக்கத்துத் தோல் வெந்ததுதான் மிச்சம். வயசு 34, சுகர் இல்ல. வேலை ரப்பர் மரத்துல பால்வெட்டு, விடியுமுன்ன கம்பூட்ஸ் போடணும். வேரோட எடுக்க வழி உண்டா?

மருந்துக்கடை_தக்கலை:
முதல்ல அது மருதானா, ஆணியான்னு பாருங்க அண்ணே. மேல்தோலைக் கொஞ்சம் ராவிட்டு வெளிச்சத்துல பாக்கணும். மருன்னா கால்ரேகை அதைச் சுத்தி விலகிப் போகும், உள்ள கறுப்புப் புள்ளி தெரியும். ரெண்டு பக்கமும் சேத்துக் கிள்ளினா வலிக்கும். ஆணின்னா நேரா அழுத்தினாதான் வலி, நடுவுல கண்ணாடி மாதிரி குருத்து இருக்கும்.

பால்வெட்டு_குலசேகரம்:
கிள்ளினா வலிக்கு. புள்ளி ஏழெட்டு உண்டு. அப்பம் மருதான்.

தோல்_ஓபி:
வேர்னு ஒண்ணு கிடையாது. அந்தப் புள்ளி மருவுக்குள்ள ரத்தம் உறைஞ்ச நுண்குழாய். மருவை உண்டாக்குற எச்.பி.வி. வைரஸ் மேல்தோலோட நிக்கும், எலும்பு வரைக்கும் போகாது. ஆழமாத் தோண்டினா மிஞ்சுறது தழும்புதான். குதிகால்ல தழும்புன்னா ஆயுசுக்கும் மிதிக்கும்போது வலி.

கார்ன் கேப் ஏன் தோக்குதுன்னா, நடுவுல உள்ள மருந்துவட்டம் சின்னது, நடக்கும்போது நகந்துரும். மரு பாதி தப்பிக்கும், நல்ல தோல் வேகும். அதைவிடப் பெரிய காரணம் ராவாதது. செத்த தோல் மேல இருக்குற வரைக்கும் அமிலம் கீழ இறங்காது. வெள்ளையானதைப் பாத்துட்டு மருந்தை நிறுத்துறது இன்னொரு தப்பு.

சாலிசிலிக் அமிலம் 16.7%, லாக்டிக் அமிலம் 16.7% சேந்த, கொலோடியன்ல (காஞ்சா படலமா ஒட்டிக்கிடுற திரவம்) கரைச்ச பெயிண்ட் வாங்குங்க. வெந்த இடம் ஆறின பிறகு தொடங்கணும். உங்களுக்கு ராத்திரி வேண்டாம், விடியக்காலம் பூட்ஸ் ஈரத்துல டேப் கழண்டுரும். வேலை முடிஞ்சு குளிச்ச பிறகு வச்சுக்கிடுங்க.

கால் பொறுக்குற சூட்டுத் தண்ணியில 10 நிமிசம். துடைச்சு, வெள்ளைத் தோலை எமரி அட்டையால ராவணும், ரத்தம் வரப்பிடாது. பிளேடு தொடவே வேண்டாம், அறுபட்ட வழியா பக்கத்துல பரவும். சுத்தி உள்ள நல்ல தோல்ல வாஸ்லின் வளையம். மரு மேல மட்டும் குச்சியால ஒரு துளி, காஞ்சதும் இன்னொரு துளி, மேல டேப். மறுநாள் பிரிச்சு மறுபடி முதல்ல இருந்து. 12 வாரம் விடாம செய்யணும். எரிச்சல் தாங்கல்லன்னா 3 நாள் விட்டுட்டுத் தொடரலாம்.

அமிலம் வைரஸைக் கொல்லாது, கேட்டியளா. அடுக்கடுக்கா தோலை உரிச்சு, அந்த இடத்துல வைரஸ் இருக்குன்னு உடம்பின் எதிர்ப்பு சக்திக்குக் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதுக்குத்தான் இத்தனை நாள்.

மருந்துக்கடை_தக்கலை:
பாட்டில் மூடி இறுக்கமா இருக்கணும், காத்து பட்டா மருந்து பசையா இறுகிரும். இறுகினதைத் தண்ணி விட்டு இளக்காதீங்க, புதுசு வாங்குங்க. தீப்பிடிக்குற சாமான், அடுப்பங்கரையில வைக்கப்பிடாது. ராவுற அட்டையை வேற இடத்துல உபயோகிக்க வேண்டாம். கம்பூட்ஸைக் கவுத்திக் காய வையுங்க, ரெண்டு ஜோடி சாக்ஸ் மாத்தி மாத்திப் போடுங்க. ஊறின தோல்ல மரு லேசாப் பரவும்.

கொட்டாரம்_வாசகர்:
அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) முந்திரித் தோட்டு எண்ணெய் வச்சாப் போகும்னு சொல்லுதாவ. எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி உண்டு, சுகர் 10 வருசம்.

தோல்_ஓபி:
அண்டித்தோட்டு எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும், மருவுன்னும் நல்ல தோலுன்னும் பாக்காது. அப்பாவுக்கு அதுவும் வேண்டாம், மேல சொன்ன பெயிண்டும் வேண்டாம். சுகர்ல காலுக்கு உணர்ச்சி குறைஞ்சிருந்தா வெந்ததே தெரியாது, புண்ணாகி விரலை எடுக்குற வரைக்கும் போகும். நேரா நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க. வயசானவங்களுக்கு ஒத்தைப் புண், ரத்தக் கசிவு, நிறம் மாறுதல் இருந்தா மருன்னு முடிவு கட்டாம சதை எடுத்துப் பாக்கணும்.

பால்வெட்டு_குலசேகரம்:
நைட்ரஜன் வச்சுக் கரிச்சா ஒரேயடியாப் போயிராதா?

தோல்_ஓபி:
கரிக்கிறது இல்ல, உறைய வைக்கிறது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. 2, 3 வாரத்துக்கு ஒருக்கா பல தடவை போகணும், கொப்புளம் வந்தா ரெண்டு நாள் மிதிக்க ஏலாது. 2011-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வுல 240 பேருக்கு உள்ளங்கால் மரு. பாதிப் பேருக்கு நைட்ரஜன், பாதிப் பேருக்குத் தினமும் 50% சாலிசிலிக் அமிலம். 12 வாரத்துல முழுசாப் போனது ரெண்டு பக்கமும் சுமார் 14% பேருக்குத்தான். அதனால விலை கூடினது முதல்லன்னு ஓட வேண்டாம். 12 வாரத்துக்குப் பிறகும் அசையல்லன்னா மருவுக்குள்ள எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்து போடுற முறை உண்டு. அதை டாக்டர் பாத்துச் சொல்லட்டும்.

பால்வெட்டு_குலசேகரம்:
பெயிண்ட் தொடங்கி 3 வாரம் ஆச்சு. கறுப்புப் புள்ளி கூடினாப்ல தெரியுது. பரவுதா?

தோல்_ஓபி:
பரவல்ல. மேல் மூடி போனதால உள்ள இருந்தது வெளிய தெரியுது. ஓரத்துல புதுசா முளைச்சிருக்கான்னு மட்டும் பாருங்க. புள்ளி மறைஞ்சு, கால்ரேகை குறுக்கால முழுசா ஓடினா நிறுத்தலாம், அதுவரைக்கும் ராவுங்க.