புதுப்பிப்பு: மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு வெயில் தெரிவது எப்படி?

செக்ரோப்பியா என்ற வெப்பமண்டல அமெரிக்கக் காட்டு மரத்தின் விதை ஒளி பட்டால்தான் முளைக்கும் என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். "புதைந்து கிடக்கும் விதைக்கு ஒளி ஏது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். வெப்பம் அதற்கும் கீழே போகும். அடர்காட்டுத் தரையில் பகலுக்கும் இரவுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். பெரிய மரம் சாய்ந்து வெயில் விழுந்துவிட்டால் அந்த வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டிவிடும்.

பனாமாவின் முன்னோடி மரங்களைப் (மரம் சாய்ந்து வெயில் விழும் இடத்தில் முதலில் முளைப்பவை) பற்றி 2002இல் வந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: 2 மில்லிகிராமுக்குக் குறைந்த விதைகள் ஒளிக்கு முளைத்தன, அதைவிடப் பெரிய விதைகளில் பல, வெப்பத்தின் ஏற்ற இறக்கத்துக்கு முளைத்தன. பொடி விதையிடம் ஆழத்திலிருந்து மேலே வர உணவுச் சேமிப்பு போதாது. ஒளி தெரிகிறது என்றால் மேற்பரப்பு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பெரிய விதை இருட்டிலிருந்தும் எழும்பி வந்துவிடும்.

மிக லேசான கட்டை தரும் பால்சா மரத்தின் கதை வேறு. அதன் விதைத்தோலில் நீர் புகாது. சூடு பட்டுத் தோல் திறந்தால்தான் முளைக்கும். நாற்றங்காலில் அதன் விதைமேல் கொதிநீர் ஊற்றுவது இதற்காகத்தான்.

செக்ரோப்பியா போன்ற பொடி விதைகளை விதைப்பவர்கள் தயவுசெய்து மண் போட்டு மூடாதீர்கள். ஈரமண்ணின் மேல் தூவினாலே போதும்.