ஆங்கிலப் பட்டியலில் முன்னிடைச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். நான் திருத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆங்கில அறிக்கையில் “ஆன் மண்டே, வெட்னஸ்டே அண்ட் ஆன் ஃப்ரைடே” என்று வருகிறது. இதை அப்படியே விடலாமா? ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லை ஒரு முறை எழுதினால் போதுமா, ஒவ்வொரு கிழமைக்கும் எழுத வேண்டுமா?

மறுமொழி 1:
ஒரு முறை எழுதுவதும் சரி, ஒவ்வொன்றுக்கும் எழுதுவதும் சரி. நடுவில் விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் மீண்டும் சேர்ப்பதுதான் பொருந்தாது. தமிழில் எண்ணும்மையை ‘வீட்டிலும் பள்ளியிலும்’ என்று எல்லாவற்றோடும் சேர்க்கிறோம், அல்லது ‘வீடு, பள்ளி ஆகிய இடங்களில்’ என்று உருபை ஒரே இடத்தில் வைக்கிறோம்; ஆங்கிலமும் இத்தகைய சீரையே எதிர்பார்க்கிறது. கிழமைகள் போன்ற சிறு சொற்களுக்கு ஒரு ‘ஆன்’ போதும்.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சீரைவிடப் பொருள் தெளிவே முதன்மையானது என்பேன். “டெடிகேட்டட் டு மை டீச்சர் அண்ட் ஃப்ரெண்ட்” என்று ஒரு நூலின் முகப்பில் இருந்தால், ஆசிரியரும் நண்பருமான ஒரே மனிதரை அது குறிப்பதாகவே பலரும் படிப்பார்கள். “டு மை டீச்சர் அண்ட் டு மை ஃப்ரெண்ட்” என்று எழுதினால் இருவர் என்பது விளங்கிவிடும். அதேபோல, பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் நீண்ட தொடராக, தனக்குள்ளேயே ஓர் ‘அண்ட்’ கொண்டதாக இருந்தால், முன்னிடைச்சொல்லைத் திரும்ப எழுதுவதே படிப்பவருக்கு அடுத்த உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும். அங்கே சுருக்கம் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ‘போத்’ வரும்போதும் இதே விதிதானா?

மறுமொழி 2:
ஆம், ஆனால் ‘போத்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். “போத் இன் தி மார்னிங் அண்ட் இன் தி ஈவினிங்” என்பதில் ‘இன்’ அதற்குப் பின்னால் வருவதால் இரண்டு முறை தேவை. “இன் போத் தி மார்னிங் அண்ட் தி ஈவினிங்” என்பதில் முன்னால் வருவதால் ஒன்றே போதும். ‘ஈதர்... ஆர்’ இணைக்கும் இப்படித்தான்.

மறுமொழி 3:
ஒன்று சேர்க்கிறேன். உறுப்புகள் வெவ்வேறு முன்னிடைச்சொற்களை ஏற்பவையாக இருந்தால் எதையும் விட முடியாது. ‘மார்னிங்’ என்பதற்கு ‘இன் தி’ வரும், ‘நைட்’ என்பதற்கு வழக்கமாக ‘அட்’ வரும்; ஆகவே “இன் தி மார்னிங் அண்ட் அட் நைட்” என்று இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்.